கல்லில் ஆள் இல்லை

தோணியில் இருந்தவர்கள் முதலில் கண்டது அதைத்தான்: கல்லில் ஆள் இல்லை.

வலையில் பாதி கடலுக்குள் இறங்கியிருந்தது. மீதி தோணியின் நடுவில் குவிந்து கிடந்தது. துடுப்புத் தண்டு வலித்தவர்கள் எப்போதும்போலக் கரையைத் திரும்பிப் பார்த்தார்கள். சல்லி ஊர்க் கரையின் முனையில், படுத்திருக்கும் மாட்டின் முதுகைப் போல ஒரு பெரிய கல் உண்டு. கரைவலை போடும்போது மண்டாடி அதில் ஏறி நிற்பார். மீன் கூட்டம் நிற்கும் இடத்தில் தண்ணீர் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு உயரத்தில் நிற்பவரின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அவருடைய வெள்ளைச் சால்வை வலப்பக்கம் வீசினால் தோணி வலப்பக்கம் போகும். இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால் வலை இறங்கும். வலது கையால் தலைக்கு மேலே அசையாமல் உயர்த்திப் பிடித்தால், கீழே பாறை இருக்கிறது, நில் என்று அர்த்தம். தோணி மெல்லப் பின்னால் வலித்துப் பாறையைத் தாண்டும்வரை அந்தக் கை இறங்காது.

அன்று காலை அந்தக் கை உயர்ந்து நின்றபோதுதான் ஜீப் வந்தது.

சீதேவி கீழே, மீன் வாடிக் கொட்டிலுக்கு முன்னால் கருவாட்டுப் பாய்களை விரித்துக்கொண்டிருந்தாள். டயர் மணலை உழுகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். காக்கி உடுப்புக்காரர் கல்லில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கணவர் தங்கரத்தினம்தான் அந்த வலைக்கு மண்டாடி. அவர்கள் வருவதை அவர் கண்டார். கண்டும் கையை இறக்கவில்லை. தோணி இன்னும் பாறையைத் தாண்டவில்லை. ஒருவன் கத்தினான். அவர் இடது கையால், கொஞ்சம் பொறுங்கோ என்பதுபோலக் காட்டினார். துவக்குப் பிடி அவருடைய வலது தோள்மூட்டில் இறங்கியது. சால்வை கையிலிருந்து கழன்று, ஒரு கணம் காற்றில் நின்று, கல்லடி நுரையில் விழுந்தது.

அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஜீப் பனைகளுக்குள் மறைந்துவிட்டது. கடலில் தோணி தன்பாட்டில் சுற்றியது. வலை பாறையில் கொழுவிக் கிழிந்தது.

அது எழுபத்தோராம் ஆண்டு சித்திரை மாதம். தெற்கிலே இளைஞர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியதாக வானொலி சொன்னது. நாடு முழுவதும் ஊரடங்கு. துறைமுகம் இருக்கிற ஊரென்பதால் திருகோணமலையில் பயம் இன்னும் கூடுதல். கடற்பக்கம் விளக்குக் காட்டக்கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சல்லி ஆட்கள் லாம்புகளை அணைத்தார்கள். கூட்டம் கூடக்கூடாது என்றார்கள். வலை இழுப்பவர்கள் ஆளுக்காள் விலகி நின்று கயிறு பிடித்தார்கள். எல்லாவற்றுக்கும் பயந்தவர்களுக்குச் சால்வைக்குப் பயப்பட மட்டும் தோன்றவில்லை. அது அவர்களுக்குத் தண்டு வலிப்பதைப் போல ஒரு வேலை. துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பல்கள் அந்தக் கல்லுக்கு நேரே போவதையும் அவர்கள் தினமும் பார்த்தவர்கள்தான். சால்வையையும் கப்பலையும் சேர்த்துப் பார்ப்பதற்குச் சந்தேகப்படுகிற இன்னொருவருடைய கண் வேண்டியிருந்தது.

பொலிசில் கேட்டபோது, எங்களிடம் அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். முகாம் வாசலில் நின்ற காவலாளி அவளுடைய தலைக்கு மேலே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வீட்டுக்குத் திரும்பினாள். பயம் ஒரு விருந்தாளியைப் போல அவளுக்கு முன்னரே அங்கே வந்திருந்தது. அவர் இருக்கும் கதிரையில் அது இருந்தது. காலையில் அவளுக்கு முன்னால் எழும்பிக் குசினிக்குள் போனது. அவள் உலையில் அரிசி போடும்போது, யாருக்கு இவ்வளவு என்று கேட்டது.

டவுனில் ஸஹாப்தீன் என்றொரு இளம் பிரக்கிராசி, வழக்குப் பேசுகிறவன், இருந்தான். அவனுடைய உம்மா பரீதா பல வருடங்களாகச் சீதேவியிடம்தான் மீன் வாங்குவாள். அதனால் கறுப்புக் கோட்டுப் போட்ட பிறகும் சீதேவிக்கு அவன் தம்பிதான். சல்லிக் கரைவலைக்காரரின் வழக்கும் அவன் கையில் இருந்தது.

அந்த வழக்கு ஒரு துண்டுக் கரையைப் பற்றியது. ஒரு வலை போட்டு இழுக்கிற அளவு கரைக்குப் பாடு என்று பெயர். கல்லடிப் பாடு சீதேவியின் தாய்மாமன் தம்பையாவின் வலைக்கு உரியது என்பது எல்லோரும் அறிந்ததே. முந்திய வருடம் அரசாங்கக் கந்தோரில் அனுமதிப் பாஸ் கேட்டுப் போனபோது, அது பாதுகாப்புப் பிரதேசம், உங்களுக்குத் தர முடியாது என்றார்கள். பருவத்துக்கு மேற்குக் கரையிலிருந்து வருகிறவர்களுக்கு அதே பாட்டுக்கு, அதே கந்தோர், அதே கிழமையில் பாஸ் கொடுத்தது. ஒருவருக்குத் தருவதை மற்றவருக்கும் தரவேண்டும் என்று ஸஹாப்தீன் வழக்கு வைத்தான். வலைக்காரர் எல்லோருக்குமாக அது தங்கரத்தினத்தின் பெயரில் இருந்தது. தீர்ப்பு வரும்வரை பழையபடியே தொழில் செய்யலாம் என்று நீதிபதி சொல்லியிருந்தார். வைகாசியில் விசாரணை.

சீதேவி போனபோது ஸஹாப்தீனின் அலுவலகத்து இரும்பு உருட்டுக் கதவு அரைவாசி இறக்கியிருந்தது. அவள் குனிந்து உள்ளே போனாள்.

"வழக்குக்காகத்தான் பிடிச்சவையோ, தம்பி?"

"அப்பிடிச் சொல்லமாட்டாங்க அக்கா. சால்வை காட்டினதுக்கு எண்டுதான் சொல்லுவாங்க."

"அப்ப கோட்டில நீதிபதியிட்டக் கேளுங்கோவன். எங்கட கரையைக் கேட்ட மாதிரி அவரையும் கேளுங்கோ."

ஸஹாப்தீன் எழும்பிப் போய்க் கதவுக்குக் கீழால் தெருவைப் பார்த்தான். திரும்பி வந்து குரலைத் தணித்தான்.

"அது வேற, இது வேற அக்கா. கரை எண்டுறது அவங்க கை நீட்டித் தரவேண்டியது. அவனுக்குக் குடுத்தா எனக்கும் குடு, ஆளுக்கு ஆள் வித்தியாசம் பாக்காத எண்டு கேக்கிறம். அது உரிமை. அதைக் கேக்க இண்டைக்கும் கோடு திறந்துதான் கிடக்கு. ஆனா அண்ணன் தன்ர வீட்டில படுக்கிறதும், கல்லில ஏறி நிக்கிறதும், வாயைத் திறந்து கதைக்கிறதும் ஒருத்தரும் தந்து வாற சாமான் இல்ல. அதுக்கு அவங்க ஒண்டுமே செய்யத் தேவையில்ல. கை வைக்காம இருந்தாப் போதும். அதுதான் சுதந்திரம். அவசரகாலச் சட்டம் எண்டு சொல்லி அந்தக் கதவைத்தான் பூட்டி வச்சிருக்காங்க. ஏன் பிடிச்ச எண்டு நீதிபதிக்கும் கேக்க ஏலாது."



"ஒண்டும் செய்யாம இருக்கிறது அவ்வளவு கஷ்டமோ, தம்பி, அவையளுக்கு?"

ஸஹாப்தீன் சிரித்துவிட்டான். பிறகு தன்னுடைய சிரிப்புக்கே பயந்து மறுபடி கதவைப் பார்த்தான்.

ஒரு பின்னேரம் ஜீப் அவளுடைய வேலிக்கு வெளியே வந்து நின்றது. இறங்கி வந்தவர் காக்கி உடுத்தியிருக்கவில்லை. வெள்ளைச் சேர்ட், ஒழுங்காகச் சீவிய தலை. செருப்பைப் படலையடியிலேயே கழற்றினார்.

"தங்கச்சி, உள்ளுக்கு வரலாமோ?"

அவர் அனுமதி கேட்டதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கதவை உதைத்துக்கொண்டு வந்திருந்தால் அழுதிருப்பாள். வேண்டாம் என்று சொல்ல முடியாதவளிடம் வரலாமா என்று கேட்கிறவரை என்ன செய்வது? அவள் கதிரையைத் துடைத்து வைத்தாள். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். கோப்பை தட்டில் கிணுகிணுத்ததை அவரும் கேட்டார்.

"தங்கரத்தினம் சுகமா இருக்கிறார். சாப்பாடெல்லாம் ஒழுங்கு."

"எங்க இருக்கிறார், ஐயா?"

"சுகமா இருக்கிறார்." அவர் ஒரு மிடறு குடித்தார். "வழக்கு நாளுக்கு அவரைக் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவம். அவர் வழக்கில இருந்து விலகுறன் எண்டு சொன்னா, பிறகு என்னத்துக்குத் திரும்ப முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்? அங்கயிருந்தே உங்களோட வீட்டை வந்திடலாம்."

"சொல்லாட்டி?"

"நான் உங்களிட்ட ஒண்டும் கேக்கேல்லை, தங்கச்சி. நடக்கக்கூடியதைச் சொல்லிப்போட்டுப் போக வந்தனான். தேத்தண்ணி நல்லா இருக்கு."

போகும்போது முற்றத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த உடுப்புகளைப் பார்த்தார். அவற்றுக்கு நடுவில் தங்கரத்தினத்தின் சால்வைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"எத்தினை சால்வை வச்சிருக்கிறார் மனுசன்!" என்று வியந்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சத்தம் அடங்கியதும் அவள் கொடியிலிருந்த சால்வைகள் எல்லாவற்றையும் உருவினாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அலுமாரியில் வைத்தால் முதலில் அதைத்தான் திறப்பார்கள். கடைசியில் அரிசிப் பானைக்குள் திணித்து, மேலே அரிசியைக் கொட்டி மூடினாள். வெறும் துணி. தன் வீட்டிலேயே தன் கணவரின் துணியை அரிசிக்குள் புதைத்திருந்தாள்.

மறுநாள் கரையில் ஆண்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். சீதேவி தம்பையாவிடம் போய், வந்தவர் சொன்னதைச் சொன்னாள். கையிலிருந்த ஊசியை நிறுத்தாமலே அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, அவர் விலகினா வழக்கு விழுந்து போகும். புது வழக்கு வச்சு முடிய வாடைக்காத்து வந்திடும். கரை போயிட்டா இந்த வலையைக் கிணத்திலயோ போடுறது?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சா என்னத்துக்கு வந்து கேக்கிறாய்? அவர் விலகமாட்டார். ஏறி நிண்டா இறங்காத மனுசன் அது."

பக்கத்தில் மீன் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்த பத்மாசனி வாயைத் திறந்தாள். அவளுடைய கணவனும் அதே வலையில்தான் தண்டு வலிக்கிறவன்.

"அவளுக்கென்ன மாமா. புள்ளையா, குட்டியா? புருசன் வந்தாச் சரி. எங்கட அடுப்பை ஆர் பாக்கிறது?"

"உன்ர மனுசன் உனக்குப் பக்கத்தில இருந்து வலை பொத்துறார், பத்மா," என்றாள் சீதேவி. "அதாலதான் உனக்கு அடுப்பு நினைவு வருது. நாளைக்கு அவற்ற தோளில கிடக்கிற துண்டையும் ஆரும் பாத்துக்கொண்டு நிப்பினம்."

பத்மாசனியின் கணவன் தலை நிமிரவில்லை. ஆனால் அவனுடைய கை, அவனைக் கேட்காமலே போல, தோளில் கிடந்த துண்டை மெல்ல எடுத்துச் சுருட்டித் தொடைக்குக் கீழே வைத்தது. அதை எல்லோரும் கண்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

வழக்கு நாளன்று நீதிமன்ற வளவின் வேப்பமர நிழலில் ஸஹாப்தீன் அவளைத் தனியே கூப்பிட்டான். கழுத்துப் பட்டி வியர்வையில் நனைந்திருந்தது.

"அக்கா, ஒரு வழி இருக்கு. அவரைப் பிடிச்சதைப் பற்றி நீதிபதி கேக்க ஏலாது. ஆனா வழக்கில இருந்து விலகுற ஆள் தன்ர விருப்பத்தில விலகுறாரோ எண்டு அவர் கேட்டே ஆகவேணும். வெருட்டித்தான் விலக வைக்கிறாங்க எண்டு காட்ட எனக்கு ஒரு நூல் கிடைச்சாலும் போதும், எழும்பிச் சொல்லிப்போடுவன். இவங்கள் பூட்டின கதவுக்குப் பக்கத்தில இது ஒரு சின்ன யன்னல். கோட்டில அது ஒருக்காப் பதிஞ்சிட்டா, பிறகு அவரைப் பற்றி அவங்க பதில் சொல்லியே ஆகணும். வழக்கும் நிக்கும்."

"நீங்க எழும்பிச் சொன்னா, இண்டைக்கு அவரை என்னோட விடுவினமோ?"

ஸஹாப்தீன் காலடியில் கிடந்த வேப்பம் பழங்களைப் பார்த்தான்.

"விடமாட்டாங்க, அக்கா."

"முகாமுக்குத் திரும்பக் கொண்டு போவினம்."

"ஓம்."

"அங்க, ஏன் சொன்னனீ எண்டு கேப்பினம்."

அவனுடைய முகத்தைப் பார்த்து, தன்னைவிட அவன் பயந்துபோயிருக்கிறான் என்பதை அவள் கண்டுகொண்டாள். அப்படியும் வந்திருக்கிறானே என்று நினைத்தாள்.

பின்வரிசை வாங்குப் பலகைகளில் வலைக்காரர் நெருக்கமாக இருந்தார்கள். தம்பையா முன்னுக்கு, சலவை வேட்டியோடு. விலகமாட்டேன் என்று தங்கரத்தினம் சொல்வதைக் கேட்க வந்தவர்கள் அவர்கள். பக்கக் கதவால் அவரைக் கூட்டி வந்தார்கள். சீதேவி முதலில் வேறு யாரோ என்று நினைத்தாள். முகம் சவரம் செய்யப்பட்டிருந்தது. புதிய சேர்ட். சுகமாகத்தான் இருந்தார். ஆனால் அவருடைய வலது கை, அவரோடு சேராத ஒரு பொருளைப் போலத் தோளிலிருந்து தொங்கியது. நடந்தபோது அது மட்டும் ஆடவில்லை. வெள்ளைச் சேர்ட்காரர் சுவரோரமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"வழக்கிலிருந்து விலக விரும்புவதாகச் சொல்லப்படுகிறது. சரியா?"

"ஓம், ஐயா."

கடல் இரைச்சலுக்கு மேலால் தோணிக்குக் கேட்கக் கத்துகிற மனிதர். அந்தக் குரல் இப்போது கூண்டின் கம்பியைத் தாண்டி வரவே கஷ்டப்பட்டது. வாங்குகளில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

"யாராவது வற்புறுத்தினார்களா?"

"இல்லை, ஐயா."

"அப்படியானால் ஒப்பமிடுங்கள்."

பேனாவை அவரிடம் நீட்டினார்கள். தங்கரத்தினத்தின் வலது கை அசைய முயன்றது. விரல்கள் மட்டும் அசைந்தன. அவர் உடம்பைத் திருப்பி இடது கையால் பேனாவை வாங்கினார்.

நீதிபதி நிமிர்ந்தார். "இடக்கைப் பழக்கமா உங்களுக்கு?"

தங்கரத்தினம் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மண்டாடியின் வலது கையை அறியாதவர் பின்வரிசையில் ஒருவர்கூட இல்லை. அந்தக் கையைப் பார்த்துத்தான் அவர்கள் கடலில் திரும்பினார்கள், நின்றார்கள், வலை போட்டார்கள். பத்மாசனி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். சீதேவி தம்பையாவைப் பார்த்தாள். ஏறி நின்றால் இறங்காத மனுசன் என்று சொன்ன தம்பையா, குனிந்து தன்னுடைய வெறுங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸஹாப்தீன் மேசையில் கையூன்றி அரைவாசி எழும்பிவிட்டான். அவன் கேட்ட நூல் இதோ தொங்கிக்கொண்டிருந்தது. அவன் சீதேவியைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். எழும்பு என்று தலையசைத்தால் அந்தக் கை எதனால் அப்படியானது என்று எழுதப்படும். கரையும் தப்பும். பின்னேரம் அந்தக் கை மறுபடி முகாமுக்குள் போகும். அங்கே எழுதுகிறவர் ஒருவரும் இல்லை. வெள்ளைச் சேர்ட்காரர் இப்போது நீதிபதியைப் பார்க்கவில்லை. அவளைத்தான், மிகுந்த பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சீதேவி, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

ஸஹாப்தீன் மெல்லத் திரும்பவும் கதிரையில் இருந்தான்.

"ஓம், ஐயா," என்றார் தங்கரத்தினம். "இடக்கைதான்."

நீதிபதி அந்த வலது கையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார்.

ஒப்பமிட்டதும் தங்கரத்தினத்தை அவளோடு விட்டுவிட்டார்கள். பஸ்ஸில் யன்னல் பக்கம் வேண்டாம் என்றார். வீட்டில் கதிரையில் வேண்டாம், நிலத்தில் இருக்கிறேன் என்றார். அவள் சோற்றைக் குழைத்துக் கொடுத்தாள். பாதிச் சாப்பாட்டில், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலப் பேசத் தொடங்கினார்.

"சால்வையால என்னென்ன காட்டுறனீ எண்டு கேட்டாங்கள். எல்லாத்தையும் காட்டினனான். ஒருத்தன் எழுதினவன். இது வலத்தால வா. இது வலையைப் போடு. ஆருக்குக் காட்டுறாய் எண்டாங்கள். தோணிக்கு எண்டன். தோணியில இருக்கிறவனுக்குக் கண் இல்லையோ எண்டாங்கள். கண் இருக்கு, ஐயா, உயரம் இல்லை எண்டன். அதுக்கு அடிச்சாங்கள்."

"சாப்பிடுங்கோ."

"பிறகு அந்த நில் எண்டுறதைக் காட்டு எண்டாங்கள். உயத்திப் பிடிச்சன். இறக்கச் சொல்லும்வரைக்கும் இறக்கக்கூடாது எண்டாங்கள். ஏற்கெனவே தோள் போயிருந்தது. அவங்கள் தேத்தண்ணி குடிக்கப் போனவங்கள். இறக்கச் சொல்ல மறந்துபோனாங்கள் எண்டு நினைக்கிறன்."

அவள் குழைத்த அடுத்த உருண்டையை அவருடைய இடது கையில் வைத்தாள்.

ஒரு கிழமையில் மேற்குக் கரை ஆட்கள் தங்கள் தோணியோடும் பாஸோடும் கல்லடிப் பாட்டுக்கு வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. நீர்கொழும்புப் பக்கத்தவர்கள் சிலர் தமிழ் பேசினார்கள். சீதேவியை அக்கா என்று கூப்பிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். தம்பையாவின் வலை கம்புகளில் தொங்கியது. அதில் காகங்கள் இருந்தன. பத்மாசனியின் குடும்பம் வெருகல் பக்கம் கூலி வேலை தேடிப் போய்விட்டது. போகும்போது சீதேவியின் வீட்டுப் படலையடியில் கொஞ்ச நேரம் நின்றாள் பத்மாசனி. திட்டுவதற்கு என்று சீதேவி நினைத்தாள். "அண்ணைக்கு எண்ணெய் போட்டு உருவிவிடு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தங்கரத்தினம் வெளியே போவதில்லை. போகக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. தெருவில் ஜீப் போகும் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே அவர் நிலத்திலிருந்து எழும்பி, சுவரோரமாக நேராக நிற்பார். சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் நிற்பார். "போயிட்டுது, இருங்கோ," என்று அவள் சொல்லவேண்டும். சொன்னால்தான் இருப்பார். ஸஹாப்தீன் சொன்னதை அவள் நினைத்துப் பார்த்தாள். கை வைக்காமல் இருந்தால் போதும் என்றான். இப்போது கையை எடுத்துவிட்டார்கள். கை வைத்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. கரையைக் கொடுத்து வாங்கியது இதைத்தானா? நாளைக்கு அவர்களுக்கு இன்னொன்று தேவைப்பட்டால், மறுபடி வந்து, தங்கச்சி உள்ளுக்கு வரலாமோ என்று கேட்பார்கள். அப்போது கொடுக்க அவளிடம் என்ன இருக்கும்?

ஒரு காலை அவள் குசினிக்குள் போனபோது நிலத்தில் அரிசி சிந்திக் கிடந்தது. பானை மூடி விலகியிருந்தது. கூப்பிட்டாள். பதில் இல்லை. கதவு திறந்திருந்தது.

அவள் கரைக்கு ஓடினாள்.

மேற்குக் கரை ஆட்களின் தோணி வலையை இறக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அவர்களுடைய ஆள் மணலில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். கல்லில் ஏறக்கூடாது என்று அவர்களுடைய பாஸிலும் எழுதியிருந்ததாம். மணலில் நிற்கிறவனுக்குத் தண்ணீருக்குள் இருக்கும் பாறை தெரியாது. அது எங்கே என்று சீதேவிக்குத் தெரியும். தோணி நேரே அதை நோக்கித்தான் போனது. கத்துவதற்கு வாயைத் திறந்தவள், தண்டு வலித்தவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கரையைப் பார்ப்பதைக் கண்டாள். அவர்கள் பார்த்தது அவளை அல்ல.

கல்லில் ஆள் நின்றது.

வலது கை பக்கத்தில் தொங்கியது. இடது கை தலைக்கு மேலே நேராக உயர்ந்திருந்தது. அரிசித் தூள் ஒட்டிய சால்வை அந்தக் கையில் அசையாமல் இருந்தது. எந்தக் கரைக்காரனுக்கும் அந்தச் சைகை புரியும். தோணி நின்றது. தண்டுகள் தண்ணீருக்கு மேலே உயர்ந்து சொட்டின. பிறகு மெல்ல, மெல்ல, பின்னால் வலிக்கத் தொடங்கினார்கள்.

பனைகளுக்குப் பின்னால் ஜீப்பின் சத்தம் கேட்டது.

அவருக்கும் கேட்டிருக்கும். அவருடைய முதுகு சட்டென்று விறைத்ததை அவள் கண்டாள். அவள் கல்லில் ஏறினாள். பாசியில் கால் வழுக்கியது. கைகளை ஊன்றி ஏறினாள். பக்கத்தில் போய் நின்றபோது அவருடைய பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ, இறக்குங்கோ. வருகினம். வாங்கோ போவம்."

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறு," என்றார். "இன்னும் தாண்டேல்லை."

ஜீப் வேகத்தைக் குறைத்தது. பிறகு எஞ்சின் சத்தம் நின்றது. அவருடைய இடது கை தாழத் தொடங்கியது. சீதேவி திரும்பிப் பார்க்கவில்லை. தன்னுடைய கையை உயர்த்தி அவருடைய முழங்கைக்குக் கீழே முட்டுக் கொடுத்தாள். மணலில் செருப்புச் சத்தங்கள் கேட்டன. கீழே தோணி, பாறையின் ஓரமாக, இன்னும் போய்க்கொண்டிருந்தது.